அலகில் பொறித்த பெயர்

பேனாக்கத்தி என்று நாம் வழங்கும் சொல் ஒரு பழைய காலத்தைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. பறவையின் இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய நாள்களில், இறகின் முனை மழுங்கும்போதெல்லாம் அதைச் சீராக்கச் சட்டைப்பையில் ஒரு சிறு கத்தி வேண்டியிருந்தது. ஜெர்மானியரும் அதனைத் தம் மொழியில் 'இறகுக் கத்தி' என்றே அழைத்தனர். இறகு போய் எஃகு முனை வந்தது. எஃகு முனை போய் வேறு கருவிகள் வந்தன. ஆயினும் அச்சிறு மடக்குக்கத்தி மறையவில்லை. பழம் நறுக்கவும், கயிறு அறுக்கவும், பென்சில் சீவவும் உழவர், மாலுமி, மாணவர் எனப் பலரின் பையிலும் அது குடியிருந்தது.

இன்று அத்தகைய பழைய கத்திகளைத் தேடித் திரட்டுவோர் மேலை நாடுகளில் ஏராளமாக உள்ளனர். அவர்கள் கையில் ஒரு கத்தி கிடைத்தால், முதலில் அதன் கூர்மையைப் பார்ப்பதில்லை. அலகை விரித்து, அது பிடியோடு சேரும் அடிப்பகுதியை ஒளியில் திருப்பிப் பார்க்கின்றனர். நெற்மணி அளவே உள்ள அந்த இடத்தில் ஒரு பெயரோ ஒரு சின்னமோ பொறிக்கப்பட்டிருக்கும். இரட்டையர் உருவம், ஒரு மரம், பாயும் ஒரு பூனை. அதன் அருகில் பெரும்பாலும் ஓர் ஊரின் பெயர்: சோலிங்கன். கத்தியின் காலத்தையும் மதிப்பையும் விலையையும் அந்தச் சிற்றெழுத்துகளே முடிவு செய்கின்றன.

ஒரு பெயருக்கு இத்துணை மதிப்பு எவ்வாறு வந்தது? அப்பெயர் யாருடையது? அது யாரைச் சொல்கிறது, யாரைச் சொல்லாமல் விடுகிறது? இவ்வினாக்களைப் பின்தொடர்ந்து சென்றால், ஒரு சிறு கத்தியின் வழியே ஒரு நகரத்தின் ஆறு நூற்றாண்டு வரலாற்றை நாம் காணலாம்.

சங்கமும் சத்தியமும்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், ரைன் நதிக்குச் சற்றுக் கிழக்கே, வுப்பர் என்னும் சிற்றாறு வளைந்து நெளிந்து ஓடும் குன்று நாட்டில் அமைந்துள்ளது சோலிங்கன். உலைக்குக் கரி தரும் காடு, சக்கரம் சுழற்றும் ஓடை, அருகிலேயே கிடைத்த இரும்பு, சரக்கைக் கொண்டு சேர்க்கக் கொலோன் நகரத்துச் சந்தை ஆகிய நான்கும் அவ்வூரை வாள் செய்யும் ஊராக்கின. 1401-ஆம் ஆண்டில் எஃகுக்குத் தோய்ச்சல் கொடுப்போரும் சாணை பிடிப்போரும் சங்கமாகக் கூடும் உரிமையை அந்நாட்டுக் கோமகனிடமிருந்து பெற்றனர். 1412-இல் வாளை மெருகிட்டுப் பிடி பொருத்துவோருக்கும், 1472-இல் வாள் அடிக்கும் கொல்லருக்கும், 1571-இல் கத்தி செய்வோருக்கும் அவ்வுரிமை கிடைத்தது.

இச்சங்கங்கள் இறுகப் பூட்டிய வீடுகள் போன்றவை. தந்தையின் தொழில் மகனுக்கு மட்டுமே கற்பிக்கப்பட்டது. தொழில் நுட்பத்தை வெளியாருக்குச் சொல்வதில்லை, ஊரை விட்டு வெளியேறி வேறிடத்தில் தொழில் செய்வதில்லை என்று சத்தியம் செய்தே ஒருவர் உறுப்பினராக முடிந்தது. ஆயினும் வறுமையும் போரும் அந்தச் சத்தியத்தைச் சில வேளைகளில் முறித்தன. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோலிங்கன் வாள் வினைஞர் சிலர் வட இங்கிலாந்தின் ஷாட்லி பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் குடியேறித் தொழில் நடத்தினர் என்பது வரலாறு.

ஒவ்வொரு தலைமைக் கொல்லருக்கும் தனக்கெனப் பதிவு பெற்ற ஒரு சின்னம் இருந்தது. அச்சின்னம் வீடு, நிலம் போன்றதொரு சொத்து. அதனை மகனுக்கு விட்டுச் செல்லலாம், விற்கவும் செய்யலாம். 1731 ஜூன் 13-ஆம் நாள் பேட்டர் ஹென்கெல்ஸ் என்பவர் சோலிங்கன் கத்தி வினைஞர் சங்கத்தில் இரட்டையர் சின்னத்தைப் பதிவு செய்தார். ஜெர்மன் மொழியில் 'ட்ஸ்விலிங்' எனப்படும் அச்சின்னம் இன்றும் அந்நிறுவனத்தின் கத்திகளில் காணப்படுகிறது. உலகில் இடையறாது வழங்கிவரும் மிகப் பழைய வணிகச் சின்னங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

பெயர் திருடிய ஊர், பெயர் காத்த ஊர்

சோலிங்கனின் பெயர் எப்போதும் தூய்மையாகவே இருந்தது என்று நாம் கருதிவிடலாகாது. டான்யூப் நதிக்கரையிலுள்ள பாசாவ் நகரத்தின் வாள்கள் ஒரு காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தன. அவற்றின் அடையாளம் ஓடும் ஓநாய். அப்புகழ் பரவியதும், சோலிங்கன் கொல்லர் தாம் அடித்த வாள்களிலும் அதே ஓநாயைப் பொறித்து விற்றனர். ஸ்பெயின் நாட்டு வாளுக்கு மதிப்பு உயர்ந்தபோது அந்நாட்டுக் கொல்லரின் பெயர்களும் சோலிங்கன் அலகுகளில் ஏறின. அலகு தரமானதுதான், பெயர்தான் பொய்.

19-ஆம் நூற்றாண்டில் இதே வழக்கம் புதிய வடிவம் எடுத்தது. 1809-இல் பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ்ச் சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. கட்டுப்பாடு தளர்ந்ததும், தரம் பாராமல் மலிவான சரக்கைக் குவிப்போர் தலையெடுத்தனர். இரும்பை உருக்கி அச்சில் வார்த்த கத்தரிக்கோல்கள், அடித்துச் செய்தவற்றைப் போலவே பளபளத்துச் சந்தைக்கு வந்தன. 1848 மார்ச்சில், ஐரோப்பாவெங்கும் கிளர்ச்சி மூண்ட அந்நாள்களில், சோலிங்கன் தொழிலாளர் திரண்டு சென்று அந்த வார்ப்பாலைகளைத் தகர்த்தனர். தம் பிழைப்பும் தம் ஊரின் பெயரும் ஒருங்கே அழிவதாக அவர்கள் கண்டனர்.

1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கு நடுவராகச் சென்ற ஜெர்மன் பொறியியல் அறிஞர் பிரான்ஸ் ரூலோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவும் மட்டமுமாக உள்ளன என்று வெளிப்படையாகவே எழுதினார். தாய்நாட்டில் அது பெரும் புயலைக் கிளப்பிற்று. மறுபுறம், கத்தித் தொழிலில் சோலிங்கனுக்குப் போட்டியாளரான ஆங்கிலேய நகரம் ஷெஃபீல்டு கொதித்துக்கொண்டிருந்தது. தம் ஊரின் பெயரைப் பொறித்துக்கொண்டு ஜெர்மன் கத்திகள் தம் சந்தையிலேயே விற்கப்படுவதாக ஷெஃபீல்டு வினைஞர் முறையிட்டனர். 1887-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வணிகக் குறிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலப் பெயரோ குறியோ தாங்கி வரும் அயல்நாட்டுச் சரக்கில் அதன் உண்மையான பிறப்பிடமும் காட்டப்பட வேண்டும் என்றாயிற்று. 'ஜெர்மனியில் செய்தது' என்னும் சொற்றொடர் பிறந்த கதை இதுவே. இழிவுக்கு அடையாளமாகக் கட்டாயப்படுத்தப்பட்ட அச்சொற்றொடர், சரக்கின் தரம் உயர்ந்ததும், சில பத்தாண்டுகளில் புகழுக்கு அடையாளமாக மாறியது. உண்மையான பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற நிலை வந்ததும், அந்தப் பெயருக்குத் தகுதியான சரக்கைச் செய்ய வேண்டியதும் ஆயிற்று.

இச்சட்டங்களே இன்று சேகரிப்பாளருக்குக் காலக் கண்ணாடியாகப் பயன்படுகின்றன. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. எனவே அமெரிக்காவுக்குச் சென்ற கத்தியில் 'ஜெர்மனி' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அது அதற்குப் பிற்பட்டது. ஜெர்மன் பேரரசு பதிவு செய்த பயன்பாட்டு வடிவம் என்பதைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் 1891-க்கும் இரண்டாம் உலகப்போரின் முடிவுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சுட்டும். துருப்பிடிக்காதது என்று பொருள்படும் 'ரோஸ்ட்ஃப்ரை' என்ற சொல் இருந்தால், அக்கத்தி முதல் உலகப்போருக்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால், நாடு இரண்டாகப் பிரிந்து கிடந்த 1949 முதல் 1990 வரையிலான காலத்தது. நாடு பிளந்ததும் கூடியதும் ஒரு பேனாக்கத்தியின் அடியில் எழுதப்பட்டிருக்கின்றன.

பெயர் பெறாத கைகள்

இனி, பொறிக்கப்படாத பெயர்களைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டும்.

ஒரு நல்ல மடக்குக்கத்தியில் உறுப்புகள் பல. அலகு, அதனை விறைப்பாகத் தாங்கும் முதுகு வில், இருபுறமும் மெல்லிய பித்தளைத் தகடுகள், முனைகளில் ஜெர்மன் சில்வர் காப்புகள், அவற்றிடையே மான் கொம்பு, எலும்பு, கருங்காலி, முத்துச்சிப்பி ஆகியவற்றுள் ஒன்றால் ஆன பிடி. இவை அனைத்தையும் சில ஆணிகள் இணைத்து நிறுத்துகின்றன. அலகை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் எழும் 'டக்' என்னும் தெளிந்த ஒலியே பொருத்தியவரின் திறமைக்குச் சான்று. வில் சற்று இறுகினால் நகம் உடையும். சற்றுத் தளர்ந்தால் விரல் அறுபடும். அந்த நுண்ணிய நடுநிலையை எந்த அளவுகோலும் அன்று தரவில்லை. சுத்தியலும் அரமும் பழகிய கையே தந்தது.

சோலிங்கனில் இவ்வேலைகளை ஒரே ஆள் செய்யவில்லை. ஒருவர் அடித்தார், ஒருவர் தோய்ச்சல் கொடுத்தார், ஒருவர் சாணை பிடித்தார், ஒருவர் மெருகிட்டார், ஒருவர் பொருத்தினார். இவர்களுள் பெரும்பாலோர் தத்தம் வீட்டையொட்டிய பட்டறையிலோ, கூலிக்கு எடுத்த இருக்கையிலோ அமர்ந்து வேலை செய்தவர்கள். வுப்பர் ஆற்றின் கரையில் நீர்ச் சக்கரத்தால் இயங்கிய சாணைக் குடில்கள் வரிசையாக நின்றன. பால்க்கவுசர், விப்பர் என்னும் பெயருடைய குடில்கள் இன்றும் காக்கப்படுகின்றன. பின்னர் நீராவி வந்தது, அதன்பின் மின்சாரம் வந்தது. வேலையின் தன்மை மட்டும் மாறவில்லை.

சாணைக்காரர், சுழலும் பெரிய மணற்கல்லின் முன்னே குனிந்து, அலகை முழங்காலின் வலிமையால் கல்லில் அழுத்திப் பிடித்தார். கல் சில வேளைகளில் வெடித்துச் சிதறி உயிரைப் பறித்தது. வெடிக்காத கல்லோ மெல்லக் கொன்றது. அதிலிருந்து எழுந்த நுண்தூசி நாளும் நுரையீரலில் படிந்தது. 'சாணைக்காரர் நோய்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. பலர் முதுமையைக் காணவில்லை. ஒரு கத்தியின் அலகு மெல்லிதாக, மயிரை அறுக்கும் கூர்மையோடு அமைந்திருப்பதைக் கண்டு இன்று நாம் வியக்கிறோம். அந்த மெல்லிய தன்மைக்காகத் தேய்க்கப்பட்ட கல்லின் பொடி ஒரு மனிதரின் மார்புக்குள் சென்றது.

பெண்களின் உழைப்பும் இதில் கலந்திருக்கிறது. ஒரு பட்டறையில் முடிந்த வேலையை அடுத்த இடத்திற்கும், இறுதியில் வணிகரின் கிடங்கிற்கும் சுமந்து சென்றவர்கள் வினைஞரின் மனைவியரும் மகளிருமே. கத்திகளும் கத்தரிக்கோல்களும் நிறைந்த கனத்த கூடையைத் தலையில் ஏற்றி, மேடும் பள்ளமுமான பாதையில் அவர்கள் நடந்தனர். 'சரக்கு கொடுக்கும் பெண்' என்னும் பொருள்பட அவ்வூர் வட்டார மொழியில் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. தலைச்சுமைக் கூடையோடு நடக்கும் பெண்களை நம் ஊர்ப் பாதைகளில் கண்டு வளர்ந்த நமக்கு அக்காட்சியை எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

சுமந்து சென்ற சரக்குக்குக் கூலி எப்போதும் காசாகக் கிடைத்ததும் இல்லை. வணிகர் பலர் தம் கடையிலுள்ள பொருள்களையே, அதிக விலை வைத்து, கூலியாகத் தந்தனர். நெடுங்காலம் இதை எதிர்த்துக் குரல் எழுந்தது. 1849-இல் பிரஷ்ய அரசு இம்முறையைத் தடை செய்தது.

கத்தியின் அடியில் பொறிக்கப்பட்டது விற்பவரின் பெயரே. அமெரிக்க வணிகர் வரவழைத்த கத்தியாயின், ஒருபுறம் அந்த வணிகரின் பெயரும் மறுபுறம் நாட்டின் பெயரும் இருக்கும். அடித்தவர், தோய்த்தவர், தேய்த்தவர், சுமந்தவர் ஆகியோரின் பெயருக்கு அந்த நெற்மணி இடத்தில் இடமில்லை.

சேகரிப்போரின் அறம்

பழைய கத்திகளைச் சேகரிப்போரிடம் சில நெறிகள் உண்டு. அவை நம் சிந்தனைக்கு உரியவை. பழைய கரி எஃகு அலகு காலப்போக்கில் சாம்பல் நிறமும் நீலச்சாயலும் கொள்ளும். பழகாதவர் அதனை அழுக்கென எண்ணித் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார். பழகியவருக்கு அது பெருந்தவறு. அந்நிறம் பல்லாண்டுப் பழமும் ரொட்டியும் மனிதக் கையும் பட்டு உண்டானது; எஃகை அரிக்கும் செந்துரு வேறு, எஃகைக் காக்கும் இந்தப் படலம் வேறு. சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் ஓர் உழவர் ஆப்பிளை அறுத்த சுவடு அதில் இருக்கக்கூடும்.

கூர் தீட்டித் தீட்டி அகலம் குறைந்துபோன அலகுக்குச் சந்தையில் விலை குறைவு. ஒருமுறையும் பயன்படாமல் பெட்டியிலேயே உறங்கிய கத்திக்கே உயர்ந்த விலை. உழைத்துத் தேய்ந்ததற்கு விலை குறைவதும், உழைக்காமல் கிடந்ததற்கு விலை ஏறுவதும் விந்தைதான். ஆயினும் சேகரிப்போருள் சிலர், தேய்ந்த கத்தியையே விரும்பித் தேடுகின்றனர். கறுப்பு வண்ணம் பூசிய தகட்டை மடித்துச் செய்த பிடியும், அதில் பாயும் பூனையும் கொண்ட 'மெர்க்காட்டர்' கத்தி அத்தகையது. எளியோர் வாங்கக்கூடிய விலையில் விற்ற அக்கத்தி, வண்ணம் உரிந்து வெள்ளை எஃகு தெரியக் கிடைத்தால், அது யாரோ ஒருவரின் வாழ்நாளோடு நடந்து வந்தது என்று பொருள்.

பிடிகளுள் செல்லுலாய்டு ஒரு தனிக் கவலை. முத்துச்சிப்பி போலவும் ஆமையோடு போலவும் தோன்றுமாறு செய்யப்பட்ட அப்பொருள், முதுமையில் சிதைந்து அமில ஆவியைக் கக்கும். அந்த ஆவி தன் கத்தியை மட்டுமன்றி, அதே பெட்டியிலுள்ள மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்யும். எனவே சேகரிப்போர் அதனைத் தனியே காற்றாட வைக்கின்றனர்.

எல்லாவற்றிலும் பெரிய கவலை பொய்ப் பெயர். மதிப்பில்லாத அலகில் புகழ்பெற்ற சின்னத்தைப் புதிதாகப் பொறிப்பதும், உடைந்த கத்திக்கு வேறொன்றின் அலகைப் பொருத்திப் பழையதென விற்பதும் நிகழ்கின்றன. ஓநாயைப் பொறித்த அந்தப் பழைய பொய் இன்னும் சாகவில்லை.

1938-ஆம் ஆண்டு

சோலிங்கனின் பெயருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது 1938 ஜூலை 25-ஆம் நாள். ஓர் ஊரின் பெயரைக் காக்கவென்றே இயற்றப்பட்ட அச்சட்டம், அவ்வட்டாரத்தில் செய்யப்பட்ட தரமான பொருளில் மட்டுமே அப்பெயர் இருக்கலாம் என்றது. அதன் சாரம் 1994 டிசம்பரில் புதிய ஆணையாக வந்தது. முக்கியமான வேலைகள் யாவும் சோலிங்கனிலும் அதனை அடுத்த ஹான் நகரிலும் நடைபெற்றிருக்க வேண்டும் என்பது விதி.

ஆனால் அந்த 1938-ஐ நாம் எளிதில் கடந்து செல்ல இயலாது. அன்று ஆட்சியிலிருந்தவர்கள் நாஜிகள். கத்தியின் பெயரைக் காக்கும் சட்டம் வந்த நான்கு வாரங்களுக்குள், ஆகஸ்டு 17-ஆம் நாள், அதே அரசு மற்றோர் ஆணை பிறப்பித்தது. யூதர் என அறியத்தக்க பெயரில்லாத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆணை. இரும்புக்குப் பொய்ப் பெயர் சூட்டலாகாது என்று சட்டம் செய்த அரசு, மனிதர்மீது அவர்கள் விரும்பாத பெயரைச் சுமத்தியது. அவ்வாண்டு நவம்பரில் சோலிங்கனின் யூதத் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்த பத்திரிகையாளர் மாக்ஸ் லேவன் அவ்வூரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாஜிப் படைகளின் குத்துவாள்களைச் செய்து தந்ததும் அதே ஊரின் பட்டறைகளே. 1944 நவம்பர் 4, 5 நாள்களில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தபோது பழைய நகரம் சாம்பலாயிற்று. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழங்கால ஜெர்மன் கத்தியைக் கையில் எடுப்பவர் இந்த வரலாற்றையும் சேர்த்தே எடுக்கிறார்.

துறவு மடத்தில் கத்திகள்

சோலிங்கனின் ஒரு பகுதியான கிரேஃப்ராத்தில் 12-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பெண் துறவியர் மடம் ஒன்று இருந்தது. புனித கத்தரீனாவின் திருப்பண்டத்தை வணங்கத் திருப்பயணிகள் அங்கு வந்தனர். சக்கரத்தால் வதைக்கப்படவிருந்து, இறுதியில் வாளால் வெட்டுண்டு மாண்டவர் என்பது அப்புனிதையின் மரபுக் கதை. சக்கரத்தோடு தொழில் செய்வோரும், சாணை பிடிப்போரும் அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டனர். 1803-இல் மடம் கலைக்கப்பட்டது. 1991 முதல் அக்கட்டடத்தில் ஜெர்மன் கத்திகள் அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. வாள்களும், உணவுக் கத்திகளும், மடக்குக்கத்திகளும் அங்கு வரிசையாக உள்ளன. மடத்தின் திருப்பொருள்களும் அதே கூரையின் கீழ்க் காக்கப்படுகின்றன.

அந்த அருங்காட்சியகம் மடத்திற்கு வந்து இரண்டாண்டுகளே ஆன நிலையில், 1993 மே 29 அன்று அதிகாலை, சோலிங்கனில் துருக்கியக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு இனவெறி கொண்ட இளைஞர் தீ வைத்தனர். 4 வயது முதல் 27 வயது வரையுள்ள ஐந்து பெண்களும் சிறுமியரும் இறந்தனர். இரு மகளிரையும் இரு பேத்தியரையும் சகோதர வழிப் பெண் ஒருத்தியையும் இழந்த மெவ்லூடே கெஞ்ச் என்னும் தாய், பழிவாங்கும் சொல் ஒன்றும் சொல்லாமல், ஒருவரோடொருவர் நட்புடன் வாழுமாறு வேண்டினார். 2022-இல் தாம் இறக்கும்வரை அதனையே சொல்லிவந்தார். 2024 ஆகஸ்டு 23 அன்று, சோலிங்கனின் 650-ஆம் ஆண்டு விழாக் கூட்டத்தில், சிரியாவிலிருந்து வந்த ஒருவன் கத்தியால் குத்தி மூவரைக் கொன்றான். அதன்பின் பொது விழாக்களில் கத்தி கொண்டுவருவதை ஜெர்மன் அரசு தடை செய்தது. ஆறு நூற்றாண்டுகள் கத்தி செய்து பிழைத்த ஊர், கத்தியைக் கண்டு அஞ்சிய நாள் அது.

1993-இல் இறந்தவர்களுக்காக அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் முன்னே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. இளைஞர் பயிற்சிப் பட்டறை ஒன்றில் உருவானது அது. இரு உலோக உருவங்கள் நாஜிகளின் சின்னத்தைக் கிழித்தெறிகின்றன. அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான உலோக வளையங்கள். இனவெறிக்கு எதிராகத் தம் பெயரைத் தர முன்வந்த எவரும் அதில் ஒரு வளையத்தைச் சேர்க்கலாம். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு மனிதரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

உலோகத்தில் பெயர் பொறிப்பது சோலிங்கனுக்குப் புதிதன்று. ஆயினும் இந்த வளையங்களில் விற்பவரின் பெயர் இல்லை. காலத்தைக் கணிக்கவோ விலையை உயர்த்தவோ அவை பயன்படா. சாணைக் கல்லின் முன்னே இருமி மாண்டவருக்கும், கூடை சுமந்த பெண்ணுக்கும் அலகின் அடியில் கிடைக்காத இடம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும், அயலூரிலிருந்து வந்து அங்குக் குடியேறியவர்களுக்கும் ஒரு பள்ளியின் முற்றத்தில் கிடைத்திருக்கிறது. பழைய கத்தி ஒன்று நம் கைக்கு வருமாயின், அதன் அடியில் பொறித்த பெயரை நாம் படிப்போம். படித்தபின் அலகை மெல்லத் திருப்பி, எழுத்தில்லாத மறுபக்கத்தையும் சற்று நேரம் நோக்குவோம்.